அறிகுறிகள்: எதுவும் இல்லை

தண்ணீர் கேன் இரண்டு, மடக்கு நாற்காலி நான்கு, போர்வை மூட்டை ஒன்று. மூத்தவள் காரின் பின்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக இழுத்துத் தரையில் வைத்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கு நேரே நிற்கிற காரை நகர்த்தினால்தான் பதினொரு மணிக்குப் பிணவண்டி உள்ளே வர முடியும். கேரியரில் பாதி கட்டிய மூட்டையோடு காரை எடுத்தால் சரிந்து விழும் என்று காவலாளி தயங்கித் தயங்கிச் சொன்னார். சாவு வீட்டுக்காரர்களிடம் அதைச் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லைதான். ஆனால் இந்தக் கட்டடத்துப் பதினாறு வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டிய மனிதர் அவர்.

மேல் மூட்டை அவிழவில்லை. அப்பா போட்ட முடிச்சு. முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் போட்ட முடிச்சு சும்மா இழுத்தால் அவிழ்ந்துவிடுமா? நேற்று மாலை ஐந்தரைக்கு இந்தக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு "ஒரு நிமிஷம் இரு" என்று தம்பியிடம் சொன்னார். காரின் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வாசலிலேயே, வரும் வழியில் போய்விட்டார் என்று சொல்லிவிட்டார்கள்.

தம்பி மறுபக்கம் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றை இழுத்தான். அப்போது அவன் சட்டைப் பைக்குள்ளிருந்து இரண்டு போன்கள் ஒன்றாக அலறின. ஒன்று அவனுடையது, இன்னொன்று அப்பாவுடையது. இரண்டு திரையிலும் மூத்தவள் கைப்பட அடித்த ஒரே வரி. 'எட்டேகால். ஆற்றுப்பாலம். காலைச் சாப்பாடு, இருபத்தைந்து நிமிஷம்.'

"இன்னும் எத்தனை இருக்கு அக்கா?"

"எட்டு."

நாலு மணிக்கு எழ வேண்டும், நாலே முக்காலுக்குக் கிளம்ப வேண்டும், எட்டேகாலுக்குப் பாலம். இப்படி ராத்திரி தங்கும் விடுதி வரைக்கும் பதினோரு அலாரம். நாலு பேர் போனிலும் தனித்தனியாக வைத்தாள். காட்டுக்குள்ள நெட் இருக்காதே, உன் அட்டவணை எப்படி வேலை செய்யும் என்று கேட்டவர் அப்பாதான். அதனால்தான் அலாரம். அவர் போனில் சத்தத்தையும் முழுசாகக் கூட்டி வைத்தாள். மோட்டார் அறைகளில் காலம் தள்ளியவருக்குக் காது கொஞ்சம் மந்தம். விடியற்காலையில் குளிர்பெட்டி பக்கத்தில் அது முதல் தடவை அலறியபோது, வந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். தன் போனில் இருந்ததை அவள் அப்போதே அழித்துவிட்டாள்.

"அப்பா போனைக் குடு. எல்லாத்தையும் அழிச்சிடறேன்."

"இரு, அப்புறம் தரேன். அப்பா கம்பெனி ஃபோர்மேன் இதுலதான் கூப்பிடுவாரு." தம்பி இரண்டையும் மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டான்.

அதற்கு மேல் வற்புறுத்த அவளுக்குப் பயமாக இருந்தது. அலாரத்தை அழிப்பது ஒரு சாக்கு. அந்தப் போனுக்குள் மூன்று வாரத்துக்கு முன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு குறுஞ்செய்தி இருந்தது. அதைத் தம்பி பார்ப்பதற்குள் இவள் பார்க்க வேண்டும். பார்த்து என்ன செய்வாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அழிப்பாளோ என்னவோ.

காரணம் புரிய வேண்டுமென்றால் இந்த வீட்டின் ராசியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாலு தடவை குடும்பமாக ஊர் சுற்றக் கிளம்பி, நாலு தடவையும் போகாதவர்கள் இவர்கள். முதல் தடவை ஏரிக்கு. அன்றைக்கு ஒரு பெரிய கட்டடத்தில் மணப்பெண்ணோடு லிஃப்ட் நின்றுபோனது. இரண்டாவது கடற்கரைக்கு. மூன்றாவது எங்கே என்பதே மறந்துபோச்சு. நாலாவது தடவை பஸ்ஸில் ஏறி இடமும் பிடித்தாகிவிட்டது. அப்பாவின் போன் அடித்தது. அப்பா இறங்கினார், பின்னாலேயே எல்லாரும் இறங்கினார்கள். அம்மா அப்போதெல்லாம் சண்டை போட்டாள். இந்த வருஷம் போடவில்லை. துணிக்கடையின் பின்கட்டில் நாள் முழுக்க மற்றவர்கள் துணியைப் பிரித்துத் தைக்கிறவள், வீட்டிலும் மிஷினில் உட்கார்ந்தபடி நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள்:

"இந்த வருஷமும் இல்லைன்னா, இனிமே நான் எதையும் கேக்கப்போறதில்ல."

குரலில் கோபமே இல்லை. அதுதான் மூன்று பேரையும் நடுங்க வைத்தது.

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. தேசியப் பூங்கா என்று தம்பி சொன்னான். கூரியர் வண்டி ஓட்டுகிறவன், அந்தப் பக்கம் இரண்டு தடவை போயிருக்கிறான். கோடையில் ஒரு நாளைக்கு முப்பது வண்டிதான் உள்ளே விடுவார்கள், இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே பதிய வேண்டும். மூத்தவள் பதிந்தாள். நாலு பேர் பெயர், நாலு பேர் அடையாள எண், தேதி மாற்ற முடியாது என்று கீழே சிவப்பு எழுத்து. அப்பா ஒரு தொலைநோக்கி வாங்கி வந்தார். பால்கனியில் நின்று எதிர்க் கட்டடத்தின் லிஃப்ட் அறையைப் பார்த்து, "எண்ணெய் விட்டு வருஷமாச்சு போல" என்றார். காட்டில் மெதுவாகப் பேச வேண்டுமாமே என்று சாப்பாட்டு மேஜையில் கிசுகிசுத்துப் பழகினார். லிஃப்ட் குழிக்குள் நின்று மூன்றாவது மாடிக்குக் கத்திய தொண்டை அது. அவருடைய கிசுகிசு பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

அப்போதுதான் கம்பெனியில் வருஷாந்திர உடல் பரிசோதனை நடந்தது. இதயத் துடிப்பில் ஏதோ சின்னக் கோளாறு, பெரிய ஆஸ்பத்திரியில் இயந்திரத்தின் மேல் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்று எழுதித் தேதியும் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். அவர் சீட்டைக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டவில்லை. இவளிடம் காட்டினார்.

"மேனேஜரம்மா, இதை எப்ப வச்சுக்கலாம்? நீயே பாத்துச் சொல்லிடு."

தேதி, நேரம் என்றால் இந்த வீட்டில் அவள்தான். பல் ஆஸ்பத்திரி ஒன்றின் முன்மேஜையில் ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். யாரை இன்றைக்கே உள்ளே அனுப்ப வேண்டும், யாரைப் பக்குவமாக அடுத்த வாரத்துக்குத் தள்ளலாம் என்று குரலை வைத்தே சொல்லிவிடுவாள். ஒன்று மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும். நெஞ்சு டாக்டரிடம் ஒருவர் உள்ளே போய்விட்டால், அப்புறம் காடு மலை எல்லாம் நடக்காத கதை. ஆஸ்பத்திரி கொடுத்த தேதிக்கும் பயணத்துக்கும் நடுவில் பதினேழு நாள் இருந்தது. தேதி எதுவும் இடிக்கவில்லை. இடித்தது அவள் மனசில் இருந்த பயம்தான். போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள்.

போன் செய்து, "அந்தத் தேதியில நாங்க ஊர்ல இல்லைங்க" என்றாள். எதிர்முனைப் பெண் மாற்றித் தருவதாகச் சொன்னாள். அப்புறம் கடைசிக் கேள்வியைக் கேட்டாள். எந்த ஆஸ்பத்திரியிலும் கடைசியில் ஒரு கேள்வி இருக்கும், அதற்கு வரும் பதிலில்தான் எல்லாம் இருக்கிறது. இவளே தினமும் இருபது பேரிடம் கேட்கிறாள், வீக்கம் இருக்கா, காய்ச்சல் இருக்கா என்று.

"மார்வலி, மூச்சு வாங்குறது, இடது கையில வலி, ஏதாவது இருக்கா மேடம்?"

அப்பா பால்கனியில் இருந்தார். நடுவில் எட்டு அடி தூரம். போனைப் பொத்திக்கொண்டு, அப்பா, வலி இருக்கா என்று கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே. அன்று காலையில் அவர் இடது கையைத் தேய்த்துக்கொண்டதை அவள் பார்த்திருந்தாள். முந்தின வாரம் தெருவில் நடக்கும்போது, அக்கறையாக ஒரு மின்கம்பத்தை அண்ணாந்து பார்ப்பது போல நின்றதையும் பார்த்திருந்தாள்.

"இல்லைங்க. எதுவும் இல்ல."

சாயங்காலம் அப்பாவின் போனுக்குச் செய்தி வந்தது. அவர் அருகில் அவளும் இருந்தாள். 'உங்கள் வேண்டுகோளின்படி தேதி மாற்றப்பட்டது. தெரிவித்த அறிகுறிகள்: எதுவும் இல்லை.' அதை அப்பா படித்தாரா என்பது அவளுக்குத் தெரியாது. போனில் சிவப்புப் புள்ளி இருந்தால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. வருகிற செய்தியை எல்லாம் படிக்காமலே திறந்து திறந்து மூடிவிடுவார். அன்றைக்கும் திறந்தார், மூடினார். "மாத்தியாச்சா?" என்று கேட்டார். "ஆச்சுப்பா" என்றாள். "கெட்டிக்காரி" என்றார்.

கயிற்றைக் கடைசியில் கத்தியால் அறுத்துத்தான் மூட்டையை இறக்கி, காரை ஓரமாக நிறுத்தினார்கள். லிஃப்டில் துக்கம் கேட்க வருகிறவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் தண்ணீர் கேனும் மூட்டையுமாகப் படியில் ஏறினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் தம்பி கேனை வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

அவள் மூட்டையைக் கீழே வைத்தாள். செய்தியைப் பார்த்துவிட்டான் என்றே நினைத்தாள்.

"அப்பா ஒரு மாசமா லிஃப்ட்ல போயிட்டிருந்தாரு."

நாலாவது மாடியில் குடியிருந்தும் அப்பா இந்தக் கட்டடத்து லிஃப்டில் ஏறியதே இல்லை. சம்பளம் குடுத்தா ஏறுறேன், சும்மா எதுக்கு ஏறணும் என்பார். படியில்தான் வருவார், மார்க்கெட் பையோடு, சில நாள் சீட்டி அடித்துக்கொண்டு.

"மூணு தடவை நான் பாத்தேன். மூணாவது தடவை என்னைப் பாத்துட்டு, வாய் மேல விரலை வச்சாரு. 'உங்கக்காகிட்ட மட்டும் சொல்லிடாதடா, டிரிப்பை நிறுத்திடுவா'ன்னாரு." அவன் முகத்தை முழங்கையால் துடைத்தான். "நான் சொல்லியிருந்தா நீ அன்னைக்கே இழுத்துட்டுப் போயிருப்ப. போயிருப்பதானே?"

தன் வேலைக் குரல் தானாக வெளியே வருவதை அவளே கேட்டாள். காத்திருக்கிறவர்களைச் சமாதானப்படுத்தும் அந்த மெத்துமெத்தென்ற குரல்.

"நீ என்ன டாக்டரா? வயசானா யாருக்கும் கால் வலிக்கும். உனக்கு எப்படித் தெரியும்? உன் மேல ஒண்ணும் தப்பில்ல. எந்திரி."

அவன் உண்மையாகவே கொஞ்சம் தேறிவிட்டான். அதைப் பார்த்தபோது அவளுக்குத் தன் மேல் அருவருப்பாக இருந்தது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறிவிட்டாள்.

வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளைச் சுவரோரம் போட்டிருந்தார்கள். நடுவில் குளிர்பெட்டி, அதன் கண்ணாடிக்குள் அப்பா. தலையை யாரோ தப்பாக வாரியிருந்தார்கள், வகிடு வலது பக்கம் போயிருந்தது. அத்தை தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் அக்கா. அழுகையும் விசாரணையும் ஒரே மூச்சில் வரும் அவளுக்கு.

"ஏம்மா, கல்லு மாதிரி இருந்தானே என் தம்பி. ஒரு தலைவலின்னு படுத்தவனா? ஒரு டாக்டர்கிட்ட காட்டினீங்களா இல்லையா?"

"கம்பெனில வருஷா வருஷம் பாப்பாங்க அத்தை." மூத்தவள் சொன்னது பொய் இல்லை. அதனால்தான் அது இன்னும் மோசமாக இருந்தது.

"பாத்து என்ன சொன்னாங்க?"

"அம்மா கூப்பிடுறாங்க, இருங்க." அம்மா கூப்பிடவில்லை. ஆனாலும் உள்ளறைக்குப் போனாள்.

அம்மா கட்டிலில் அப்பாவின் சட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு நின்றாள். கையில் மண் நிறத்தில் ஒரு புதுச்சட்டை. காட்டில் பளிச்சென்று உடுத்தக் கூடாது என்று யாரோ சொன்னதால் வாங்கி, கை நீளத்தை அம்மாவே குறைத்துத் தைத்தது.

"இதையே போட்டுடலாமா?"

"போடலாம்மா."

அம்மா சட்டையைத் திருப்பித் தையலைப் பார்த்தாள். தொங்கிய ஒரு நூலைப் பல்லால் கடித்தாள். பார்க்காமலே பேசினாள்.

"ஒரு மாசமா அவரு படுத்துத் தூங்கல. மூணு தலகாணியை முதுகுக்கு வச்சு உக்காந்தபடியே தூங்கினாரு. வாயுன்னாரு. நான் நம்பல. நம்பின மாதிரி இருந்துட்டேன்." சட்டையை மடித்தாள், பிரித்தாள். "வாயத் திறந்தா இதுவும் நின்னுபோயிடும்னு இருந்துச்சு. எங்கயாவது போயிட்டு வந்துடணும்னு அப்படி ஒரு ஆசை எனக்கு. இந்த வயசுல."

"அம்மா."

"யாராவது ஒருத்தர், ஒரு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். ஒரு வார்த்தை. இந்த வீட்ல பேசாத நேரமே கிடையாது, அதுக்கு மட்டும் யாருக்கும் வாய் இல்ல."

கேட்ட இடத்தில் கேட்டார்கள் அம்மா, எனக்கு வாய் இருந்தது, நான் இல்லை என்று சொன்னேன். நெஞ்சுக்குள் அத்தனையும் வரிசையாக வந்து நின்றது. அவள் வாயைத் திறந்தாள். கட்டில் மேல் கிடந்த அம்மாவின் போன் அலறியது. கூடத்தில் தம்பியின் பைக்குள் இரண்டும் அலறின. 'ஒன்பது ஐம்பது. மலை அடிவாரம். பெட்ரோல், கழிப்பறை. அம்மாவுக்கு வாந்தி மாத்திரை.'

அம்மா அதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தாள். மூக்கால் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. "எனக்கு மாத்திரை வேற" என்றாள். சட்டையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். மூத்தவள் அந்தப் போனில் மிச்சமிருந்த அலாரங்களை ஒவ்வொன்றாக அழித்தாள். நுழைவாயில், அருவி, கண்காணிப்புக் கோபுரம் என்று விடுதி வரைக்கும் ஏழு.

பத்தே காலுக்கு ஃபோர்மேன் நாலு மெக்கானிக்குகளோடு வந்தார். எல்லாரும் வேலைச் சட்டையிலேயே வந்திருந்தார்கள். அப்பாவைப் பார்த்துவிட்டு வெளியே போய், அளவு டேப்பை இழுத்து லிஃப்டின் ஆழத்தை அளந்தார்கள். தெரிந்த அளவுதான், ஆனாலும் அளந்தார்கள்.

"ஸ்ட்ரெச்சர் உள்ள போகாதுப்பா" என்றார் ஃபோர்மேன் தம்பியிடம். "சாய்ச்சு வச்சா போகும். அவரை அப்படிக் கொண்டுபோக வேண்டாம். படியிலயே இறக்கிடறோம். பதமா இறக்குவோம், நீ கவலைப்படாத."

தம்பி தலையாட்டினான். அப்போது அப்பாவின் போன் அடித்தது. அலாரம் இல்லை, அழைப்பு. தம்பி எடுத்து, காதில் வைத்து, இரண்டு தடவை "யாரு?" என்றான். பிறகு கூடத்தைத் தாண்டி நேராக மூத்தவளிடம் வந்தான்.

"ஏதோ ஆஸ்பத்திரியாம். அப்பா பேரைச் சொல்றாங்க. நீ பேசு, உனக்குத்தான் இவங்ககிட்ட பேசத் தெரியும்."

அவள் வாங்கிக்கொண்டாள். வேறு என்ன செய்வது? உள்ளறைக்குப் போகலாம் என்றால் வழியில் அத்தை, பக்கத்தில் அம்மா, எதிரில் தம்பி. போனின் சத்தம் முழுசாகக் கூட்டி வைத்தது. அப்பாவின் காதுக்காக அவளே கூட்டி வைத்தது. எதிர்முனைப் பெண்ணின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"வணக்கம், ஹார்ட் பிரிவு வரவேற்பிலேர்ந்து பேசறேன். சாருக்கு வர்ற செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு டெஸ்ட் இருக்கு. நினைவுபடுத்தத்தான் கூப்பிட்டேன். வந்துடுவார் இல்லையா?"

அம்மா நிமிர்ந்தாள். "என்ன டெஸ்ட்?" என்றாள் தம்பியைப் பார்த்து. அவனுக்குத் தெரியவில்லை.

"வரமாட்டாருங்க" என்றாள் மூத்தவள்.

"மறுபடி தேதி மாத்தணுமா மேடம்? போன தடவை நீங்க கேட்டுத்தான் தள்ளி வச்சிருக்கு. இன்னொரு தடவை தள்ளணும்னா டாக்டர்கிட்ட கேக்கணும்." விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது. பின்னால் யாரோ ஒரு டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். "அறிகுறி எதுவும் இல்லைன்னு குறிச்சிருக்கு. இப்பவும் அப்படியேதானா? மார்வலி, மூச்சு வாங்குறது, இடது கையில வலி?"

ராங் நம்பர் என்று வைத்துவிடலாம். கூடத்தில் பாதிப் பேர் அதை நம்புவார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அந்தப் பெண் வைத்துவிடுவாள். இவளைப் போலத்தான் அவளும். வரிசையில் இன்னும் முப்பது பேரைக் கூப்பிட வேண்டியிருக்கும். தம்பி இவளையே பார்த்துக்கொண்டிருந்தான். படியில் உட்கார்ந்து அழுதவன். தன் மேல் தப்பில்லை என்று இவள் சொன்னதை நம்பி எழுந்து வந்தவன். அம்மாவின் கை கண்ணாடியின் மேல், அப்பாவின் முகத்துக்கு நேரே அசையாமல் இருந்தது.

"இருந்துச்சு" என்றாள். "மூணுமே இருந்துச்சு. கை வலியை நானே பாத்தேன். எனக்குத் தெரியும். நான்தான் இல்லைன்னு சொன்னேன்."

எதிர்முனையில் தட்டும் ஓசை நின்றது. அந்தப் பெண்ணின் குரல் மாறிவிட்டது. எழுதி வைத்துப் படிக்கிற குரல் போய், பதறுகிற ஒரு சின்னப் பெண்ணின் குரல் வந்தது.

"அய்யோ, அப்படின்னா செவ்வாய்க்கிழமை வரைக்கும் வச்சிருக்காதீங்க மேடம். இப்பவே கூட்டிட்டு வாங்க. நான் டாக்டர்கிட்ட சொல்றேன். பதினொன்றரைக்கு ஒரு இடம் இருக்கு, அதைப் போட்டுடவா? நடக்க விடாதீங்க, வண்டியில கூட்டிட்டு வாங்க."

மூத்தவள் குளிர்பெட்டியைப் பார்த்தாள்.

"நேத்து சாயங்காலம் இறந்துட்டாரும்மா" என்றாள். அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று அவளுக்குக் காதில் விழவில்லை. தம்பி வந்து போனை அவள் கையிலிருந்து எடுத்தான். அழைப்பைத் துண்டித்தான். பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்து முழுசாகவே அணைத்துவிட்டான். அவளைப் பார்க்காமல் வாசலுக்குப் போய், மெக்கானிக்குகளோடு நின்றுகொண்டான்.

அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள். "பெத்த பொண்ணு..."

"அண்ணி, நீங்க சும்மா இருங்க." அம்மா சத்தம் போடவில்லை. பிறகு மூத்தவளிடம் திரும்பினாள்.

"எப்ப பேசின?"

"மூணு வாரம் இருக்கும். மொத தேதி போன மாசக் கடைசி."

"அப்ப அவரு எங்க இருந்தாரு?"

"பால்கனில. தொலைநோக்கியை வச்சுக்கிட்டு."

"அவரைக் கேட்டியா?"

"கேக்கல."

அம்மா தலையை மெதுவாக ஆட்டினாள். சரி என்பதற்கா, இல்லை என்பதற்கா என்று தெரியாத ஆட்டல். அம்மா ஏதாவது சொல்வாள் என்று மூத்தவள் காத்திருந்தாள். திட்டினால் தேவலை. கன்னத்தில் ஒன்று வைத்தால் இன்னும் தேவலை. அம்மா சீப்பை எடுத்து, குளிர்பெட்டியின் மூடியைத் திறக்கச் சொல்லி, அப்பாவின் வகிட்டை இடது பக்கம் மாற்றி வாரினாள். அதற்கே ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

பதினொரு மணிக்கு வண்டி வந்தது. மெக்கானிக்குகள் சொன்னபடியே பதமாக இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஃபோர்மேன் "தலைப்பக்கம் கொஞ்சம் மேல, நில்லு, இப்ப விடு" என்று அடங்கிய குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். கனமான மோட்டாரை இறக்கும்போதும் அவர் இப்படித்தான் சொல்வாராம். மூத்தவள் எல்லாருக்கும் பின்னால் இறங்கினாள். யாரும் அவளோடு சேர்ந்து இறங்கவில்லை. யார் எந்த வண்டியில் வருவது, யார் முன்னால் போவது என்று கீழே தம்பி சொல்லிக்கொண்டிருந்தான். அவள் செய்கிற வேலை அது. எல்லாருக்கும் இடம் சொன்னான், அவளுக்குச் சொல்லவில்லை. அவன் ஓட்டுநர் பக்கத்தில் வழி காட்ட ஏறிக்கொண்டான்.

வண்டியின் பின்பகுதியில் நடுவே ஸ்ட்ரெச்சர், இரண்டு பக்கமும் நீள இருக்கை. அம்மாவும் அத்தையும் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் கதவருகே வெயிலில் நின்றாள். காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்விடலாமா என்று யோசித்தாள். காருக்குள் உட்கார்ந்து நாலு பேரும் காட்டுப் பாதையில் போக இருந்த நாள் இது. தனியாக அதை ஓட்டுவதற்குப் பயமாக இருந்தது.

கதவைச் சாத்த வந்த வண்டிக்கார உதவியாளர் ஸ்ட்ரெச்சரின் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். காலால் இரண்டு தடவை உதைத்தார்.

"இதோட பூட்டு சரியா பிடிக்கலைங்க. ரோடு வேற மோசம். ரெண்டு பக்கமும் ஒவ்வொருத்தர் கம்பியைப் பிடிச்சுக்கணும்."

"எனக்கு இடுப்பு முடியாதும்மா" என்றாள் அத்தை.

அம்மா தன் பக்கத்துக் கம்பியில் கை வைத்தாள். எதிர் இருக்கை காலியாக இருந்தது. அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் வெளியே பார்க்காமலே சொன்னாள்:

"வந்து அந்தப் பக்கம் பிடி."

மூத்தவள் ஏறினாள். கதவைச் சாத்தினார்கள். உள்ளே வெளிச்சம் குறைந்து, மருந்து வாடையும் புதுத்துணி வாடையுமாக இருந்தது. வண்டி கேட்டைத் தாண்டித் தெருவில் திரும்பியபோது ஸ்ட்ரெச்சர் இவள் பக்கம் சரிந்தது. இவள் இரண்டு கையாலும் தாங்கித் தள்ளினாள். அது நேரானது.

முன்கண்ணாடி வழியாகத் தெரியும் சாலையை அம்மா கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். தபால் நிலையத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை இருக்கிறது.

"மேடு வருது" என்றாள்.

இருவரும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.